93,500 வெள்ளிக்கு ஒரு பாகற்காய்ப் பந்தல்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து டவுனில் டயர் கடை வைத்திருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, மேடையில் பேசும் தலைவரும் இல்லை. இனிமேல் குணமாகாது என்று ஆஸ்பத்திரி கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட நோயாளிகளுக்கு ஓர் இல்லம், அதாவது ஹோஸ்பிஸ், ஊர்க்காசிலேயே கட்டிவிடலாம் என்று இறங்கி ஐந்து வருஷத்தையும் 93,500 வெள்ளியையும் (மலேசிய ரிங்கிட்) ஒரு பால்ய சிநேகிதனையும் தொலைத்தவன். இப்போது அந்த வேலை ஒருவழியாக நடக்கிறது, ஆனால் நான் அன்றைக்கு மனசில் கட்டிய மாதிரி இல்லை. போன மாதம் கெடாவிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணி, "அண்ணே, நாங்களும் ஒரு ஹோஸ்பிஸ் கட்டப் போறோம், நிலம் கெடச்சிருச்சு" என்றான். நிலம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவனிடம் போனில் முக்கால் மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பம் என் அக்கா. தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் செம்பனைக்கு மருந்து அடித்தவள். 2013இல் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோதே முற்றிப்போயிருந்தது. சிகிச்சை எல்லாம் முடிந்து, "வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை, கேட்கவும் தெரியவில்லை. கையில் ஒரு பை மருந்து கொடுத்தார்கள், அதில் ஒரு பாட்டில் மோர்ஃபின் தண்ணி மருந்து. அது போதை மருந்து, கொடுத்தால் பழகிவிடும், சீக்கிரம் போய்விடுவாள் என்று யாரோ அத்தானிடம் சொல்லிவிட்டார்கள். அவர் அந்தப் பாட்டிலை எடுத்து ஒளித்துவிட்டு எங்களிடம் மருந்து தீர்ந்துபோச்சு என்றார். பதினொரு வாரம். ராத்திரி அவள் கத்துவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும், பாவம் அவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். எட்டாந்துக்கம் அன்று அரிசி டின்னை நகர்த்தியபோது பின்னால் அந்தப் பாட்டில் இருந்தது, மூடியின் சீல்கூட உடையாமல். அத்தான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

அதனால் முதலில் மோர்ஃபின் பற்றி, கட்டடக் கதை பிறகு வரட்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் கொடுத்தால் அது ஆளைக் கொல்லாது. வலி வந்த பிறகு கொடுக்கிற மருந்தும் இல்லை. தண்ணி மருந்து என்றால் பெரும்பாலும் நாலு மணிக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கல் கண்டிப்பாக வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் நேரம், அளவு, கொடுத்தவர் பெயர் என்று எழுதி வையுங்கள், டாக்டர் அளவைக் கூட்டவோ குறைக்கவோ அந்த நோட்டுதான் உதவும். இன்னொன்று, ஒரு நோயாளி இறந்த பிறகு மிஞ்சிய மோர்ஃபினை "அடுத்த வீட்டு ஆளுக்கு உதவுமே" என்று நம் ஆட்கள் கொண்டுவந்து கடையில் கொடுப்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள். 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டத்துக்குள் வருகிற சாமான் அது. டயர் கடை லாச்சியில் (மேசை இழுப்பறையில்) அது இருந்தால் நல்ல எண்ணம் எல்லாம் கோர்ட்டில் செல்லாது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.

சரி, கட்டடம். அக்காவின் முதல் திதி முடிந்த கையோடு 2014இல் கோப்பிக் கடையில் ஏழு பேர் உட்கார்ந்தோம். சங்கம் பதிய ஏழு பேர் போதும், 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி. பதிவு பெரிய சிரமம் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் ஒருவர்கூட "கட்டடம் எதுக்கு?" என்று கேட்கவில்லை. பத்துப் படுக்கை, முன்னால் தோட்டம், பிள்ளையார் சிலை எங்கே வைப்பது என்பது வரை பேசினோம், நோயாளியைப் பற்றிப் பேசவே இல்லை. மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டு துண்டாக விற்கப்படவிருந்த தோட்டங்களை வாங்கினார் என்பது எங்கள் ஊரில் பாலோடு ஊட்டப்பட்ட கதை, அவர் பிறந்த மண் வேறு. தோட்டமே வாங்கினோம், பத்துப் படுக்கை கட்ட மாட்டோமா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தோம். அவர் எத்தனை வருஷம் தோட்டம் தோட்டமாக அலைந்தார் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

நிலம் ஒருவர் கொடுத்தார், அரை ஏக்கர். நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை, "எடுத்துக்குங்க தம்பி, எங்க அப்பா பேரு வச்சா போதும்" என்றார். கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு பெரிய மனுஷனிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம். கடையில் ஒரு பழைய டயர் வாங்க வந்தால்கூட உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார்க்கிறவன் நான், அரை ஏக்கர் நிலத்தைத் தடவிப் பார்க்கவில்லை. அடித்தளம் போட்டு, தூண் எழுப்பி, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் தெரிந்தது, நிலம் மூன்று பேர் பெயரில் இருக்கிறது, ஒரு தம்பி ஜொகூரில், அவர் கையெழுத்துப் போட மாட்டார். அதோடு அது விவசாய நிலம். விவசாய நிலத்தில் இந்த மாதிரிக் கட்டடம் கட்ட வேண்டுமென்றால் நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி வகை மாற்ற வேண்டும், அதற்குப் பெயரில் இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் நகராண்மைக் கழகத்தின் திட்ட அனுமதி, அப்புறம் பொம்பா, அதாவது தீயணைப்பு இலாகா. வரைபடத்துக்கு 11,500, அடித்தளமும் தூணும் 64,000, கூரைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போன குத்தகைக்காரர் திரும்ப வராததில் 18,000. கூட்டிப் பாருங்கள். இதில் 22,000 என் சொந்தக் காசு, மகளின் படிப்புக்கு என்று வைத்திருந்தது. என் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் மூன்று மாதம் எனக்குச் சாப்பாடு போடும்போது தட்டை வைக்கிற சத்தம் வேறு மாதிரி இருந்தது.

இதைவிடப் பெரிய அடி ஒன்று இருந்தது. நிலம் சரியாக இருந்திருந்தாலும் அந்தக் கதவைத் திறந்திருக்க முடியாது. 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 586ஆம் சட்டம் என்பார்கள். அதில் ஹோஸ்பிஸ் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. படுக்கை போட்டு நோயாளியை வைப்பது என்றால் முதலில் அமைப்பதற்கு அனுமதி, பிறகு நடத்துவதற்கு லைசென்ஸ், இரண்டும் சுகாதார அமைச்சிடம் வாங்க வேண்டும். டாக்டர், தாதியர், அறையின் அளவு, கதவின் அகலம் என்று எல்லாவற்றுக்கும் விதி. அனுமதி இல்லாமல் நடத்தினால் தனிநபருக்கு மூன்று லட்சம் வெள்ளி வரை அபராதம், ஆறு வருஷம் வரை சிறை. நாங்கள் எழுப்பிய சுவர் அந்த விதிகளில் எதற்கும் பொருந்தாது. ஆக, செங்கல் வாங்குவதற்கு முன்னால் மாநிலச் சுகாதார இலாகாவில் தனியார் மருத்துவத்தைக் கவனிக்கும் பிரிவுக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்து கேளுங்கள். எனக்கு அதற்கு ஆன செலவு ஒரு காலைப் பொழுதும் பெட்ரோலும்தான், ஆனால் நான் போனது 2018இல்.

வசூல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருவிழாவில் டின்னைக் குலுக்கிக்கொண்டு நின்றோம், போலீஸ்காரர் வந்து பெர்மிட் கேட்டார், நாங்கள் முழித்தோம். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். அவர் நல்லவர், டின்னோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் ஓர் அரசியல் பிரமுகர் ஆளுயரத்துக்கு ஒரு மாதிரிக் காசோலையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். பணம் ஒன்பது மாதம் கழித்து வந்தது, அதுவும் அட்டையில் எழுதியதில் பாதி. அந்த அட்டையை நம்பித்தான் நாங்கள் குத்தகைக்காரருக்கு முன்பணம் கொடுத்தோம். அட்டை இன்னும் என் கடையில் இருக்கிறது, மழைச்சாரலுக்கு மறைப்பாக நன்றாகவே உதவுகிறது. கம்பெனிகளிடம் போனால் முதல் கேள்வியே 44(6) ரசீது இருக்கிறதா என்பதுதான். வருமான வரிச் சட்டத்தில் அந்தப் பிரிவின் கீழ் அனுமதி வாங்கிய அமைப்புக்குக் கொடுத்தால்தான் அவர்களுக்கு வரிக்கழிவு, அது இல்லாமல் நாற்காலியில் உட்காரவே சொல்ல மாட்டார்கள்.

என் தப்பையும் மறைக்கவில்லை. டின் காசைக் கடை லாச்சியில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் மொத்தமாக எண்ணி பேங்கில் கட்டினேன். 2018 ஆண்டுக் கூட்டத்தில் கணக்குப் பார்த்தபோது 1,340 வெள்ளி இடித்தது. நான் எடுக்கவில்லை, சில்லறை மாற்றியதில் கலந்துபோயிருக்கலாம், ஆனால் நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வாட்ஸ்அப்பில் என் பெயர் ஒரு வாரம் நாறியது. எங்கள் பொருளாளர், லயத்தில் பக்கத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன், அன்றைக்கு எழுந்து போனவன் இன்றுவரை என் கடைப் பக்கம் வரவில்லை, டயரை வேறு இடத்தில் மாற்றிக்கொள்கிறான். வசூலானது, என் காசையும் சேர்த்து, மொத்தம் 131,200, போனது 93,500, மீதி 37,700 பேங்கில். டின்னை இரண்டு பேர் முன்னால் அன்றைக்கு ராத்திரியே திறந்து எண்ணி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். எடுக்கிற காசோலைக்கு இரண்டு கையெழுத்து. சொந்தக்காரன், சிநேகிதன் என்றால் இன்னும் கறாராக.

2019இல் ஒரு பெரியம்மா மைவி காருக்கு டயர் மாற்ற வந்தார், ஓய்வுபெற்ற மிஸ்ஸி, அதாவது தாதி. சுவரில் தொங்கிய எங்கள் கட்டட வரைபடத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். கதையைச் சொன்னேன், கொஞ்சம் அழுதும் இருப்பேன். அவர் நட்டு இறுக்குகிற வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டு, "படுக்கை எல்லா வீட்லயும் இருக்குப்பா. அதுல கெடக்கறவங்களப் போயிப் பாக்கத்தான் ஆளு இல்ல" என்றார். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மா 1967இல் முதல் நவீன ஹோஸ்பிஸைத் திறந்தவர், அவரே இரண்டே வருஷத்தில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற சேவையையும் தொடங்கிவிட்டாராம். இங்கே கோலாலம்பூரில் 1991 முதல் இயங்கும் ஹோஸ்பிஸ் மலேசியாவும் நோயாளிகளை வீட்டுக்கே போய்த்தான் பார்க்கிறது, காசு வாங்குவதில்லை. கேரளாவில் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலித் தணிப்புச் சங்கத்திலிருந்து கிளம்பியது பிறகு மலப்புரம் பக்கமெல்லாம் பரவி, சாதாரண ஊர்ஜனங்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, சில்லறைக் காசு சேர்த்து நடத்துகிறார்கள். இதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். ஐந்து வருஷத்தில் நாங்கள் ஒருவரிடமும் போய்க் கேட்கவில்லை. முப்பது கிலோமீட்டரில் ஈப்போ, அங்கேயே இப்படி வீடு தேடிப் போகிறவர்கள் இருந்தார்கள்.

37,700 வெள்ளியில் மறுபடி ஆரம்பித்தோம், இந்த முறை கட்டில் இல்லை, கூரை இல்லை. மிஸ்ஸி வாரம் மூன்று நாள் போவார். ஓய்வுபெற்றவராக இருந்தாலும் தாதியருக்கான வருடாந்திரச் சான்றிதழை அவர் புதுப்பித்தாக வேண்டும், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டவுன் கிளினிக் டாக்டர் ஒருவர் காசு வாங்காமல் பின்னணியில் நிற்கிறார். மருந்தெல்லாம் நோயாளியின் சொந்த ஆஸ்பத்திரியிலிருந்தே, நாங்கள் ஒரு பனடோல்கூட வைத்திருப்பதில்லை. மாதச் செலவு சுமார் 3,200: மிஸ்ஸிக்கு 1,600, பெட்ரோல் 500, கையுறை, கட்டுத்துணி, மெத்தை வகையில் 900, போன் மற்றது 200. இதற்குத்தான் பத்து வெள்ளிச் சந்தா. 340 பேர் பெயர் எழுதியிருக்கிறார்கள், ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் 290 பேர் இருப்பார்கள். ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் ஓர் அக்கா, கையில் ரசீதுப் புத்தகம், சம்பளம் போடும் ஏழாம் தேதியை ஒட்டிப் போய்விட வேண்டும், பதினைந்துக்கு மேல் போனால் அவர்களுக்கும் சங்கடம் நமக்கும் சங்கடம். குறைகிற முந்நூறு வெள்ளி எப்படியாவது வந்துவிடுகிறது, யாராவது கருமாதிக்குச் செலவைக் குறைத்துக்கொண்டு கொடுப்பார்கள், ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (முதலாளி) ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் ஓர் அங்பாவ், உறையில் போட்ட அன்பளிப்புப் பணம், அனுப்புவார். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கட்டடம் இருந்திருந்தால் பூட்டுத்தான் தொங்கியிருக்கும். போலீஸ் கடிதத்தை வைத்துக்கொண்டு மிஸ்ஸி வீடு வீடாகப் போனார்.

சாமான்கள் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக. படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை இரவல் கொடுக்கிறோம், மோட்டார் மாற்றி மாற்றிக் காற்றடிக்கும் வகை. அது இருந்தாலும் ஆளை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மெத்தை வந்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள். முதல் மெத்தை ஓட்டையானபோது, ஆகா நம்ம தொழிலாச்சே என்று சோப்புத் தண்ணி தடவி, குமிழி வந்த இடத்தைப் பிடித்து, தேய்த்து, டியூப் பேட்ச் ஒட்டினேன். ராத்திரியே பிய்ந்துகொண்டது, அந்தத் தாத்தா விடியவிடியக் கட்டில் பலகையில் கிடந்திருக்கிறார். ரப்பருக்கான பேட்ச் பிவிசியில் பிடிக்காது, முப்பது வருஷம் இதே வேலை செய்கிறவனுக்கு அது தோன்றவில்லை. பிள்ளைகள் நீச்சல் தொட்டிக்கு என்று விற்கும் பிவிசி ஒட்டு வாங்கி ஒட்டினால் நிற்கும், ஒருநாள் காய விட்டுவிட்டு, ராத்திரி முழுக்கக் காற்றடித்து வைத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். ஆக்ஸிஜன் மெஷின் என்றால் கரண்ட் பில் ஏறும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு வீட்டில் பில்லுக்குப் பயந்து ராத்திரி அணைத்துவிட்டார்கள். அந்த வீட்டின் கரண்ட் காசை இப்போது சங்கம் பகிர்ந்துகொள்கிறது.

இரவல் கொடுத்த சாமான் திரும்பி வராது. திருட்டு என்று சொல்ல மாட்டேன், ஆள் போன பிறகு அந்தக் கட்டிலையும் மெத்தையையும் தொடவே அவர்களுக்கு மனசு வராது, தீட்டு என்று வீட்டுக்குப் பின்னால் மழையில் போட்டுவிடுவார்கள். இரண்டு மெத்தையும் ஒரு கமோட் நாற்காலியும் அப்படிப் போயின. போன் பண்ணிக் கேட்டால் கடன்காரன் மாதிரி இருக்கும். நாங்கள் கண்டுபிடித்த வழி, எட்டாந்துக்கத்துக்கு ஒரு தேங்காயும் பழமும் வாங்கிக்கொண்டு நாமே போவது. உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, கிளம்பும்போது நாமே துடைத்து லோரியில் ஏற்றிக்கொள்வது. சாமான் திரும்புகிறது, பார்த்துக்கொண்டவர்கள் பத்து நிமிஷம் பேசி அழவும் இடம் கிடைக்கிறது. தானமாக வரும் எல்லாவற்றையும் வாங்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆறு பழைய ஆஸ்பத்திரிக் கட்டில் என் கடைப் பின்னால் துருப்பிடித்துக் கடைசியில் இரும்புக்குப் போனது.

தொண்டர்கள் 23 பேர் வந்தார்கள், நிலைத்தது ஆறு பேர், அதில் ஐந்து பேர் பெண்கள். ஒருவர் நோயாளி வீட்டில் நேரடி விற்பனைச் சத்து மாவு விற்றுக்கொண்டிருந்தார், 480 வெள்ளி டப்பா, அந்த வீட்டில் அரிசிக்கே கஷ்டம். அன்றோடு நிறுத்தினோம். விற்கக் கூடாது, மதம் பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் இப்போது அனுப்புகிறோம். மற்றபடி தொண்டர்கள் செய்வதில் பாதி எழுத்து வேலை. படுத்த படுக்கையான நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சமூக நல இலாகாவில் மாதாமாதம் பந்துவான், அதாவது உதவித்தொகை, இருக்கிறது, தகுதியிருந்தும் பாரம் நிரப்பத் தெரியாமல் விட்டவர்கள் எத்தனையோ. ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுப்பது பல வீடுகளில் மெத்தையைவிடப் பெரிய உதவியாக இருந்திருக்கிறது. மலாயில் எழுதத் தெரிந்த, பொறுமையான ஓர் ஆளை முதலில் பிடியுங்கள்.

அத்தான் இப்போது எங்களோடு வருகிறார். மிஸ்ஸி மோர்ஃபின் நோட்டை விளக்கும்போது ஓரமாக நின்றுகொண்டிருப்பார். வீட்டில் யாராவது "பழகிடும்" என்று இழுத்தால் அவர்தான் பேசுவார், அரிசி டின் கதையைச் சொல்வார், ஒவ்வொரு முறையும் முழுசாக. நான் அந்த நேரத்தில் வெளியே போய் லோரியில் உட்கார்ந்துகொள்வேன்.

கட்டடம் என்னாச்சு என்று கெடாத் தம்பி கேட்டான். தூண்கள் அப்படியேதான் நிற்கின்றன. நிலத்துக்காரரின் தங்கச்சி கம்பிகளுக்கு இடையில் கயிறு கட்டிப் பாகற்காய்க் கொடி ஏற்றியிருக்கிறார், நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பாசாரில் கொண்டுவந்து விற்பார், என்னைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே கைக்கு இரண்டு கூடப் போடுவார். என் மனைவிக்குப் பாகற்காய் ரொம்பப் பிடிக்கும். வாராவாரம் அரை கிலோ வாங்கிக்கொண்டுதான் வருகிறேன், காசு கொடுத்து.